காட்டு இறக்கத்தை நான் பூட்டிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் ஆண்டு மலர் ஒன்று போடுகிறது. அதற்கு "பனிக்காலத்தில் பாதுகாப்பாக வாகனம் ஓட்டுவது எப்படி" என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் டென்மார்க்கில் சில்க்போர்க்கைச் சுற்றியுள்ள வீதிகளில் உப்புத் தூவும் லொறி ஓட்டி ஓய்வுபெற்றவன். எங்கள் ஆட்களிடம் எனக்கு உப்பு அண்ணை என்றுதான் பெயர். கட்டுரையை ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்தேன்: "போகாதையுங்கோ." மலர்க்குழு அதைப் படித்துவிட்டு, ஒரு பக்கமாவது வேண்டும் என்றது. பக்கத்தை நிரப்புவதற்காக இதை எழுதுகிறேன்.

என் பிரியாவிடை அன்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்த டேனிஷ் ஓட்டுநர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்கள். இப்போதைய லொறிகளில் திரை இருக்கிறது. வீதியின் வெப்பநிலை, எங்கே எவ்வளவு உப்பு, எல்லாவற்றையும் அதுவே சொல்லும். திரை இல்லாத காலத்தில் வீதி உறைந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொண்டாய் என்று கேட்டார்கள். சத்தத்தை வைத்து என்றேன். சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. ஈரமான வீதியில் டயர் இரையும். வீதி ஈரமாகவே தெரியும்போது அந்த இரைச்சல் நின்றுவிட்டால், கீழே தண்ணீர் இல்லை, பனிக்கட்டி. முன்னால் போகிற வாகனத்தின் சில்லிலிருந்து தண்ணீர் தெறிப்பது நின்றாலும் அதுதான். அதற்குப் பிறகு பிரேக்கைத் தொடக்கூடாது, ஸ்டியரிங்கை வெட்டக்கூடாது, காலை மெதுவாக எடுத்துவிட்டு லொறி என்ன நினைக்கிறது என்று பார்க்கவேண்டும்.

நான் அகதியாக வந்து, கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்று, மொழி படித்து, லொறி அனுமதிப்பத்திரம் எடுத்து இந்த வேலைக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் நான் ஓட்டியது சைக்கிள். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை.

உப்பைப் பற்றி எழுத இருக்கிறது. பனியை உருக்கத்தான் உப்புப் போடுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். உருக்குவது கடைசி வழி. வீதி உறைவதற்கு முன்னமே போய்ப் போட்டுவிட்டு வருவதுதான் வேலை. அதனால் எங்கள் வேலை ஒழுங்காக நடந்தால் ஒன்றும் நடக்காது; சனமும் ஒன்றும் நடக்காத வீதியைப் பார்த்து, ஏன் வீணாக உப்பைக் கொட்டுகிறார்கள் என்று பத்திரிகைக்கு எழுதும். உப்பை உப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் தூவுவோம். காய்ந்த உப்பு காற்றில் பறந்து வேலிக்கரைக்குப் போய்விடும். பாலங்களும் காட்டு நிழலும் முதலில் உறையும். எல்லாவற்றிலும் கெட்டது, குளிர்ந்து கிடக்கும் வீதியில் மழை பெய்து விழுந்த இடத்திலேயே உறைவது. முன்னம் போட்ட உப்பை மழை கழுவிக்கொண்டு போய்விடும். அந்த நாளில் உப்பு லொறியும் வழுக்கும்.

எங்கள் பொறுப்பதிகாரி பிரேபன். உயர்ந்த மனிதர், காது இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும். குளிர்காலம் முழுவதும் டிப்போவில் றேடியோவுக்கு முன்னால் இருந்து எங்களை இயக்குபவர் அவர்தான். ஒரு வசனம் போதுமென்றால் இரண்டாவதைச் சொல்லமாட்டார். றேடியோவில் பேசுவதற்கு அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் இடம், அடுத்தது வீதி எப்படி இருக்கிறது, கடைசியில் நீ என்ன செய்தாய். "கொஞ்சம்", "பரவாயில்லை", "அவ்வளவு மோசமில்லை" என்ற சொற்கள் றேடியோவில் வரக்கூடாது.

இந்த ஒழுங்கு எனக்காகவே கடுமையானது. என் முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் நான் றேடியோவில் இப்படிச் சொன்னேன்: "பிரேபன், ஒன்றும் பயப்படவேண்டாம், எல்லாம் சரி, ஒரு சின்னப் பிரச்சினை." அவர் தன் காரில் வந்து பார்த்தார். லொறி வீதியோர வாய்க்காலில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. உப்பு முழுவதும் ஒருவருடைய குதிரைப் பட்டிக்குள் கொட்டியிருந்தது. நான் மதகில் இருந்தேன். அவர் லொறியைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதில் எது சின்னப் பிரச்சினை?" என்று கேட்டார்.

நான் அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. எங்கள் வளர்ப்பு அப்படி. கெட்ட செய்தியை நேரே தூக்கி ஒருவர் தலையில் போடக்கூடாது. முதலில் ஆளை இருக்கச் சொல்லவேண்டும், தண்ணீர் கொடுக்கவேண்டும், சுற்றி வளைத்து வரவேண்டும். பிரேபனுக்கு இதை விளங்கப்படுத்தினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்ல பழக்கம். லொறியில் வேண்டாம்" என்றார்.

செத்த செய்திக்கும் எங்களிடம் இதே வழக்கம்தான். தொலைபேசியில் சாவு சொல்லமாட்டோம். "கொஞ்சம் சுகமில்லை, ஒருக்கா வெளிக்கிட்டு வாங்கோ" என்போம். வருகிறவர் வாசல் படலையடியில் பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். வழியில் நெஞ்சடைத்துப் போகக்கூடாதே என்ற இரக்கத்தில் வந்த வழக்கம் அது. ஊரில் அதனால் பெரிய கேடு வந்ததாக எனக்குத் தெரியாது. அங்கே பஸ்ஸில்தான் வருவார்கள்; பஸ் ஓட்டுகிறவருக்கு யாரும் செத்திருக்கமாட்டார்கள். டென்மார்க்கில் அவரவரே ஓட்டிக்கொண்டு வருகிறோம்.

நான் சொல்ல வந்தது, வன்னியில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்த குளிர்காலத்தில் நடந்தது. எங்கள் வீடுகளில் அப்போது யாரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. பக்கத்து வீதியில் ரூபன் என்றொருவன் இருந்தான். யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மனைவி சுதா, இரண்டு சின்னப் பிள்ளைகள். அவனுடைய தாயும் தம்பியும் வன்னிக்குள் அகப்பட்டுப் போயிருந்தார்கள். எப்போதாவது யாராவது அங்கிருந்து தொலைபேசியில் கிடைப்பார்கள். கிடைத்தால் ஓகூஸ் நகரத்தில் இருக்கும் அவன் அக்கா வீட்டுக்குத்தான் அழைப்பு வரும். அக்காவின் கணவரை, அவன் அத்தானை, இங்கே எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். செய்தி சேர்க்கிறவரும் சொல்கிறவரும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விழுந்த இடத்திலேயே உறையும் அந்த மழை தொடங்கியது. ஓகூஸுக்குப் போகும் மோட்டர்வே அப்போது கட்டி முடியவில்லை, பழைய வீதிதான். அதில் ஓரிடத்தில் காட்டுக்குள்ளால் நீளமாக ஒரு இறக்கம், அடியில் ஒரு வளைவு. இறக்கத்துக்கு மேலே சமதரையில் உப்புப் போட்டுவிட்டு, ஓரமாக லொறியை நிறுத்தி இறங்கினேன். இறக்கம் தொடங்கும் இடத்துக்கு நடந்து போய், சப்பாத்துக் குதியால் வீதியைத் தேய்த்துப் பார்த்தேன். தேய்க்க முடியவில்லை. கால் தன்பாட்டில் போனது. மைல்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிரேபனுக்கு அறிவித்தேன். "காட்டு இறக்கம், மேல் முனை. முழுவதும் பனிக்கட்டி. இன்னும் இறங்கவில்லை."

"பின்பக்கமாக இறங்கு" என்றார்.

உப்புத் தூவும் தட்டு லொறியின் பின்னால்தான் இருக்கிறது. முன்பக்கமாக இறங்கினால் லொறி வெறும் பனிக்கட்டியில் போகும், உப்பு பின்னால் விழும். றிவேர்ஸில் இறங்கினால் விழுந்த உப்பின் மேல் சில்லு ஏறும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரித் தெரியும். அதற்கு ஆயத்தமாகும்போது என் கைத்தொலைபேசி அடித்தது. மனைவி.

"இஞ்சேருங்கோ, ரூபன்ர தாய் செத்துப்போட்டா. காலமை செல் விழுந்து வெடிச்சதாம். அத்தான் போன் எடுத்து எனக்குச் சொன்னவர். ரூபனுக்குச் சொல்லேல்லையாம். காயமாம், அம்மா லைனில வாறாவாம், கெதியா வா எண்டு சொல்லியிருக்கினம். பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு இப்பதான் வெளிக்கிட்டவை. நீங்கள் நிக்கிற ரோட்டால."

சுதாவின் தொலைபேசிக்கு எடுத்தேன். கார் ஓடுகிற சத்தம் கேட்டது. இரைச்சல் இருந்தது, அந்த இடத்தில் வீதி இன்னும் ஈரம்தான். எவ்வளவு வேகம் என்பதும் அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

"சுதா, மெதுவா வரச் சொல்லும்."

"சொல்லிப் பாத்திட்டன் அண்ணை. கேக்கிறாரில்லை."

பக்கத்தில் ரூபனின் குரல் கேட்டது. "ஆரது? பிறகு கதைக்கச் சொல்லு. அம்மா லைனில நிக்கப்போறா."

"சுதா, உமக்குத் தெரியுமோ?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஓம்" என்றாள்.

அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துகொண்டுதான் அவனுக்குப் பக்கத்தில் இருந்து வருகிறாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதமுடியாது. செத்துப்போன ஒருத்தியிடம் நேரத்துக்குப் போய்ச் சேருவதற்காக நான்கு பேர் அந்த இறக்கத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவனுக்குத் தொலைபேசியிலேயே சொல்லலாமா என்று யோசித்தேன். ஸ்டியரிங் பிடித்திருக்கிறவனுக்கு அதைச் சொல்வது, அந்த நாளில், அத்தான் செய்ததைவிட மோசம். முதலில் கார் நிற்கவேண்டும். நான் கைகாட்டினால் நிற்கமாட்டான்.

லொறியைச் சமதரையில் எடுத்து, வீதிக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் அடைத்து நிறுத்தினேன். மஞ்சள் விளக்குச் சுழன்றது. அந்த இடத்தில் உப்பு இருந்தது. அவனுடைய பிரேக் பிடிக்கும். பிறகு றேடியோவை எடுத்தேன்.

"காட்டு இறக்கம், மேல் முனை. வீதி பூட்டப்பட்டிருக்கிறது."

"யார் பூட்டியது?" வீதியைப் பூட்டும் அதிகாரம் பொலிசுக்குத்தான் உண்டு. ஓட்டுநருக்கு இல்லை.

"நான்."



"அப்படியென்றால் பூட்டியாயிற்று" என்றார். "நான் பொலிசுக்கு எடுத்து, அவர்கள் பூட்டியதாகச் செய்கிறேன். அடிவாரத்திலும் ஆளைப் போடச் சொல்கிறேன்."

ரூபனின் கார் வந்தது. ஹோர்ன் அடித்தான், விளக்கடித்தான், கார் கொஞ்சம் இழுபட்டுக்கொண்டு போய் என் லொறிக்கு முன்னால் நின்றது. கதவைத் திறந்துகொண்டு வந்தான். சட்டைக்கு மேல் ஜாக்கெட்கூட இல்லை.

"அண்ணை, எடுங்கோ லொறியை!"

"ரோட்டுப் பூட்டியாச்சு ரூபன்."

"எனக்கு ஒரு ஓரம் விடுங்கோ, நான் போறன். அம்மாக்குக் காயம். லைன் கிடைச்சிருக்காம். அத்தான் வீட்டில போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். கும்பிட்டுக் கேக்கிறன் அண்ணை."

உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டான். சுற்றி வளைப்பதற்கு எனக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. லொறிக்குள் ஏற்றி, பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைக் கொடுத்து, உனக்கு எத்தனை வயசு, அம்மாவுக்கு எத்தனை வயசு என்று தொடங்கியிருக்கலாம். ஆனால் அவன் கண் என் தோளுக்கு மேலால் இறக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புல்லுக்கரையால் சுற்றிக்கொண்டு போக இடமிருக்கிறதா என்றுதான் அவன் பார்த்தான். இடம் இருந்தது.

"ரூபன், அம்மா செத்துப்போட்டா" என்றேன். "காலமை செல் விழுந்தது. லைனில ஒருத்தரும் இல்லை. இனி அவசரமில்லை."

அவன் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிக் காருக்குள் இருந்த சுதாவைப் பார்த்தான். அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். லொறிக் கதவில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். திரும்பத் திரும்ப அடித்தான். பிறகு கால் சறுக்கி, நான் போட்ட உப்பின் மேல் இருந்துவிட்டான். நானும் குந்தி அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். தட்டிவிட்டான். மழை பெய்துகொண்டே இருந்தது.

மூத்த பிள்ளை காரிலிருந்து இறங்கி வந்து, அப்பா என்ன என்று டேனிஷில் கேட்டது. அப்பம்மா செத்துப்போனா என்று அவனும் டேனிஷில் சொன்னான். நேரே, ஒரு வசனத்தில். பிள்ளை அவன் தலையிலிருந்த தண்ணீரைக் கையால் துடைத்துவிட்டது.

கொஞ்சம் பொறுத்து, "செத்தவீட்டுக்கெண்டாலும் போகக்கூடாதோ?" என்று என்னிடம் கேட்டான்.

"போகலாம். நான் கீழ உப்புப் போட்டு வந்தாப் பிறகு."

அவர்களைக் காருக்குள் ஏற்றி, ஹீற்றரைப் போடச் செய்துவிட்டு, பொலிஸ் வந்து மேல் முனையை அடைத்ததும் நான் பின்பக்கமாக இறங்கத் தொடங்கினேன். பின்பக்கமாக இறங்கும்போது ஓட்டுநரின் முகம் மேலே பார்த்தபடி இருக்கும். நடுவழிவரை அந்தக் கார் எனக்குத் தெரிந்தது. ரூபன் திரும்பவும் வெளியே வந்து வீதி நடுவில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடியைப் பார்க்கவேண்டிய நான் அவனைப் பார்த்ததில் லொறி ஒருமுறை வழுக்கிப் பிடித்தது. அடிவரை போனேன், ஏறினேன், இன்னொரு முறை போட்டேன். பின்னேரம் காற்று மாறி, மழை வெறும் மழையாகியது. பொலிஸ் வீதியைத் திறந்தது. என் பாதை முடியும் இடம்வரைக்கும் நான் முன்னால் ஓட, ரூபனின் கார் பின்னால் வந்தது.

அன்று அந்த இறக்கத்தில் ஒரு விபத்தும் நடக்கவில்லை. பூட்டிய வீதியில் எப்படி நடக்கும்? அதனால் நான் பூட்டியது சரியென்று காட்டவும் முடியாது. டிப்போவில் பிரேபன், காரில் வந்தது யார் என்று கேட்டார். தாய் போரில் செத்துப்போன ஒருவன் என்றேன்.

"அவனுக்குச் சொன்னாயா?"

"சொன்னேன்."

"எந்த வசனத்தில்?"

"முதல் வசனத்தில்."

எனக்கும் ஒரு கோப்பை கோப்பி ஊற்றித் தந்தார். "இனிமேல் கேட்டுவிட்டுப் பூட்டு" என்றார்.

அடுத்த நாள் நானும் மனைவியும் ஓகூஸ் செத்தவீட்டுக்குப் போனோம். உடல் இல்லாத செத்தவீடு. படமும் விளக்கும் மட்டும்தான். நான் உள்ளே போனதும் கதை நின்றது. அத்தான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நடுரோட்டில வைச்சோ ஒருத்தனுக்குத் தாய் செத்ததைச் சொல்லுறது? இனி அவசரமில்லையாம். வாயில வருமோ ஒரு மனிசனுக்கு?"

 அவரும் கெட்டவர் அல்ல; அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது. ரூபன் சுவரோடு இருந்தான், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இனி அவசரமில்லை" என்ற என் வசனம் சில்க்போர்க், ஓகூஸ் எல்லாம் தாண்டி, கொப்பன்ஹேகன் பக்கம் புரொண்பிவரைக்கும் போய்விட்டதாக மனைவி சொன்னாள். வீட்டுக்கு வந்து நான் அழுதேன். தாய்க்காகவா, பேச்சு வாங்கியதற்காகவா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ரூபன் என்னைக் கடையில் கண்டால் அடுத்த வரிசைக்குப் போனான்.

மே மாதம் சண்டை முடிந்தது. முடிந்த விதம் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் யாரும் யாருக்கும் எதையும் நேரே சொல்லவில்லை. முகாமில் இருக்கினமாம், கண்டவையாம், போன் எடுப்பினமாம். எல்லாம் "ஆம்" என்றுதான் முடிந்தது.

குளிர்காலம் முடிந்தால் உப்புத் தூவும் யந்திரங்களைக் கழற்றி, கழுவி, எண்ணெய் பூசி வைப்போம். கழுவாவிட்டால் உப்பு இரும்பைத் தின்றுவிடும். நான் டிப்போ முற்றத்தில் அதைச் செய்துகொண்டிருந்தபோது ரூபன் வந்தான். நல்ல வெயில். மெலிந்து போயிருந்தான். குழாயை நிறுத்தினேன்.

"அண்ணை, தம்பி எங்க?" என்று கேட்டான்.

அவன் தம்பியைப் பற்றித்தான். தாயோடு வன்னிக்குள் இருந்தவன்.

"அத்தான் முகாமில எண்டு சொல்லுறார். அக்கா ஆஸ்பத்திரியில எண்டு சொல்லுறா. சுதா ஒண்டும் சொல்லாமல் சோத்தைப் போடுறா. உங்களுக்கு ஏதும் சொல்லியிருப்பினம். நீங்கள் சொல்லுங்கோ. நான் கார் ஓடேல்லை, சைக்கிளிலதான் வந்தனான்."

"எனக்குத் தெரியாது ரூபன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமாத் தெரியாது. இருக்கிறானோ இல்லையோ தெரியாது. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

அவன் தலையை ஆட்டினான். கண்ணால் தண்ணீர் ஓடியது, ஆனால் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"இவ்வளவு பேரில நீங்கள் ஒராள்தான் அண்ணை தெரியாதெண்டு சொன்னது" என்றான்.

அந்தத் தம்பி முகாமிலும் இருக்கவில்லை, ஆஸ்பத்திரியிலும் இருக்கவில்லை. இறந்தவர்களின் பெயர்களிலும் அவன் பெயர் இல்லை. ரூபன் குளிர்காலத்தில் அக்கா வீட்டுக்குப் போவதென்றால், வெளிக்கிட முன்னம் எனக்கு எடுப்பான். ரோட்டு எப்படி அண்ணை என்று கேட்பான். சொல்வேன். பிறகு, தம்பியைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனீங்களோ என்று கேட்பான். இல்லை என்பேன். சரி அண்ணை, மெதுவாப் போறன் என்று சொல்லிவிட்டு வைப்பான்.